மூக்கு என்னுடையது

நேற்றுக் காலையில் மருமகள் பட்டுப்புழு வளர்க்கிற மனையின் கதவைத் திறந்தாள். முந்தின நாள் மருந்தடித்து, ஜன்னல் சந்துக்கெல்லாம் பேப்பர் ஒட்டி மூடி வைத்திருந்தது. நான் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து மல்பெரி இலைக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்த கொஞ்ச நேரத்தில் என் கண் கரித்தது. "இன்னும் ஆவல, மூடு" என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். அவள் செல்போனில் மணியைப் பார்த்து, "இருவத்தி நாலு மணி நேரம் ஆயிடுச்சுங்க அத்தை" என்றாள். "போனுக்கு மூக்கு இருக்குதா?" என்றேன். மூடிவிட்டாள்.

அந்த வாடை வந்ததும் உன் நினைப்பு வந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் வந்தது வயிற்றெரிச்சல். நீ போய் எட்டு மாசம் ஆகிறது. உயிரோடு இருக்கிற தங்கச்சி மேல் பொறாமைப்படுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். செத்துப்போன தங்கச்சி மேல் பொறாமைப்படுகிறவள் நான் ஒருத்திதான் இருப்பேன் போல.

போன வாரம் உன் மாணவி வந்துவிட்டுப் போனாள். உன் ஆராய்ச்சி நிலையத்தில் உன்னைப் பற்றி ஒரு நினைவுப் புத்தகம் போடுகிறார்களாம். அதற்காக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் சொன்ன பதில் அச்சில் வரப்போகிறது. அது என்ன பதில் என்று மற்றவர்கள் படிப்பதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். நாலாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள். நாலாம் வகுப்போடு ஏன் நின்றது என்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்கிறேன். நீ பிறந்தாய். அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. சிலேட்டை வைத்துவிட்டு உன்னைத் தூக்கினேன். எனக்கு அப்போது ஒன்பது வயசு.

அதற்குப் பிறகு என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மூக்கு.

புழுவுக்கு மருந்து வாடை ஆகாது. ஒவ்வொரு பருவமும் புதுப் புழுவை உள்ளே விடுவதற்கு முன்னால் மனை முழுக்க ஃபார்மலின் அடித்து, மூடி, பிறகு திறந்து ஆறவிட வேண்டும். வாடை கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் குஞ்சுப் புழு இலையைத் தொடாது. தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டும். இரண்டாம் நாள் கறுத்துச் சுருண்டுவிடும். அதனால் வாடை போயிற்றா என்று ஒருத்தர் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் புழு வளர்த்த எட்டு வீட்டுக்கும் நான்தான் சொன்னேன். மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து கூட வண்டி கட்டி வந்து என்னைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே விடுவேன். "ஆச்சு" என்பேன், இல்லாவிட்டால் "ஆவல" என்பேன். மீசை வைத்த ஆம்பளைகள் புழுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்து நிற்பார்கள். நான் சொன்ன பேச்சுக்கு ஊர் அடங்கி நின்றது அந்த ஒரு வாசலில்தான்.

நீ நான்காவது படித்த வருஷம், உனக்குப் பத்து வயசு, எனக்குப் பத்தொன்பது. பட்டு இன்ஸ்பெக்டர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். மருந்து டின்னை பஸ் நிறுத்தத்திலிருந்து இடுப்பில் வைத்துச் சுமந்து வந்தவள் நான். நீ அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டின் மேல் ஒட்டியிருந்த இங்கிலீஷ் பேரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாய். ஃபார்மால்டிஹைடு. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு உன்னைப் பார்த்தார். "இந்தப் பாப்பாவ நிறுத்திடாதீங்க, படிக்க வைங்க" என்றார். அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு. "பெரியவ எங்க வூட்டு மூக்குங்க சார். சின்னவதான் மூளை" என்றார்.

அவர் என்னை மட்டம் தட்டச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். அது எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்து என்ன?

மறுநாள் காலையில் அப்பா வயலிலிருந்து குரல் கொடுத்தார். "ஏ பெரியவளே, மனை ஆச்சான்னு பாரு." மருந்தடித்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. ஆகியிருக்காது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடத்துப் பையோடு வாசலில் நின்றிருந்தாய். உன்னைக் கூப்பிட்டேன்.

"பேரெல்லாம் படிச்சியே, போய் மோந்துட்டு வா."

"நானாக்கா?" என்றாய். உன் முகம் அப்படி மலர்ந்தது. நான் உன்னை அந்த வேலைக்கு ஒருநாளும் விட்டதில்லை.

"வாசல்ல நிக்காத. உள்ள நடுவுக்குப் போ. நல்லா இழுத்து மோந்து பாரு."

நீ உள்ளே போனதும் கதவைச் சாத்தினேன். வெளியே நின்று நூறு வரைக்கும் எண்ணினேன். அவசரப்படாமல் எண்ணினேன். பிறகு திறந்தேன். நீ இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, இருமி இருமி, மூக்கும் வாயும் ஒழுக வெளியே வந்தாய். வந்ததும் நீ சொன்னது என்ன என்று நினைவிருக்கிறதா? "ஆவலக்கா" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். நீ கடைசியாக மோந்தது அதுதான்.

ஒரு வாரம் காய்ச்சல். காய்ச்சல் போய் ஒருநாள் நீ அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். பால் பொங்கி, தீய்ந்து, வீடு முழுக்கப் புகை நாற்றம். தோட்டத்திலிருந்து நான் ஓடி வந்தேன். நீ தலையைக் கூடத் தூக்கவில்லை. அப்போது எனக்கு விளங்கிவிட்டது. உனக்கு அதற்கு முன்னாலேயே விளங்கியிருக்கிறது. "அக்கா, எனக்கு எதுவும் வாசமே வரல" என்றாய், மெதுவாக, யாருக்கும் கேட்காமல்.

"சளி. சரியாப் போயிடும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "யாருகிட்டயும் சொல்லாத. பெரிய பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டாங்க" என்றும் சொன்னேன். நீ நம்பினாய். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் கூட.

சரியாகவில்லை. நீ பாலக்கோட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாய், தருமபுரிக் கல்லூரிக்குப் போனாய், பெங்களூரு போனாய், வெளிநாடு போனாய். எனக்கு வீட்டோடு மாப்பிள்ளை பார்த்து இந்தப் புழு மனையை எழுதி வைத்தார்கள். நீ அங்கி போட்டுப் பட்டம் வாங்கின போட்டோவை அப்பா கூடத்தில் மாட்டினார். என் போட்டோ ரேஷன் கார்டில் இருந்தது. பொங்கலுக்கு நீ வரும்போதெல்லாம் உன் கையைப் பார்ப்பேன். இலை நறுக்கின தழும்பு ஒன்று கூட இல்லாத கை. நான் என் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன். நான் கெடுத்ததற்கு நீ நாசமாய்ப் போயிருந்தால் நான் அழுதிருப்பேன். நீ நன்றாக இருந்தாய். எனக்கு அழவும் வழியில்லாமல் போயிற்று.

ஒரு பொங்கலுக்கு வந்தபோது கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் எதிரில் இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன்.

"ரொம்பத் தூரத்துல கேலக்ஸி இருக்குதுக்கா. நம்ம சூரியன் மாதிரி கோடிக்கணக்குல நட்சத்திரம் சேந்த கூட்டம். அதுல சிலதுக்கு நடு மட்டும் ரொம்ப ஆட்டமா இருக்கும். நான் பாக்கறது அந்த நடுவை."

"ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் பாப்பியா?"

"கண்ணால பாக்கறது இல்ல. ரேடியோ மாதிரி. பகல்லயும் வரும்."

"பாட்டு வருமா?"

"கோடு வரும்" என்று திரையைத் திருப்பிக் காட்டினாய். மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. ஒவ்வொரு மேடும் ஒரு மூலக்கூறு என்றாய். அந்த நடுவில் ஒரு கருந்துளை இருக்கிறது, சுற்றி வருகிற வாயுவையெல்லாம் இழுத்துத் தின்கிறது, தின்னும்போது அந்த இடம் கொதிக்கிறது என்றாய். அதற்குப் பக்கத்திலேயே புது நட்சத்திரங்களும் பிறக்கின்றன, அவையும் சூடாக்குகின்றன. அந்தச் சூட்டில் மூலக்கூறுகள் உடையும், புதிதாகச் சேரும். எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், சூடு பண்ணினது கருந்துளையா நட்சத்திரமா என்று தெரிந்துகொள்ளலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை என்றாய். எனக்குப் புரிந்தது. புரியாது என்று நினைத்துத்தான் நீ அவ்வளவு மெதுவாகச் சொன்னாய். அதற்கும் எனக்குக் கோபம்.

"அந்த மருந்து டின்னுல இருந்துச்சே, அது அங்கயும் இருக்குதுக்கா" என்றாய்.

"எது?"

"ஃபார்மால்டிஹைடு. அதோட ரெண்டு மூணு கோட்டை ஒன்னுக்கு ஒன்னு வச்சுப் பாத்தா, அந்த எடம் எவ்வளவு சூடுன்னு சொல்லிடலாம். தெர்மாமீட்டர் மாதிரி. நான் இத்தனை வருசமா அதைத்தான் பாத்துகிட்டு இருக்கேன்."

என் கத்தி நின்றது. உன் முகத்தைப் பார்த்தேன். குத்திக் காட்டுகிறாயா என்று தேடினேன். அதில் ஒன்றும் இல்லை. இலை நல்ல தளிராக இருக்கிறதே என்றாய்.

அதற்குப் பிறகுதான் அந்தப் போன். சில வருஷம் முன்னால், நான் தட்டு கழுவிக்கொண்டிருந்த நேரம்.

"அக்கா, ரெண்டு வாடை கலந்து இருந்தா நீ எப்படிப் பிரிப்ப?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மா சொல்லேன்."

"நீ எதையும் சும்மா கேக்க மாட்டியே."

அப்போது சொன்னாய். அந்த நடுவில் வாயு படுவேகமாகச் சுற்றுவதால் ஒவ்வொரு மேடும் அகலமாகிப் பக்கத்து மேட்டின் மேல் சாய்ந்து விழுகிறதாம். உன் மருந்துக் கோட்டுக்குக் கீழே வேறொன்று ஒளிந்து நிற்கிறதோ என்று சந்தேகம். மெத்தனால் என்றாய்.

"கள்ளச்சாராயத்துல ஆளைக் கொல்லுமே, அதுவா?"

"அதேதான்."

"அங்கயும் காய்ச்சறாங்களா?"

நீ சிரித்தாய். பிறகு குரல் இறங்கியது. "அது சேந்துகிட்டா தெர்மாமீட்டர் சூட்டைக் கூட்டிக் காட்டும். கருந்துளைகிட்ட இவ்வளவு சூடுன்னு நான் எழுதி அச்சுலயும் வந்துடுச்சுக்கா."

நான் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் இப்போதும் சொல்வேன். "தரைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டா மனையில ரெண்டு வாடையும் கலந்துதான் நிக்கும். நான் நேரா மனைக்குப் போவ மாட்டேன். முதல்ல சாக்கடைப் பக்கம் போவேன். அங்கயும் பிளீச்சிங் போட்டிருப்போம், அது மட்டும் தனியா இருக்கும். அதை மோந்து, எவ்வளவுன்னு மனசுல வாங்கிக்குவேன். அப்புறம் மனைக்கு வந்து அதைக் கழிச்சுடுவேன். மிச்சம் நிக்கறதுதான் மருந்து."

"கழிச்சுடுவியா?"

"நாலாம் வகுப்புல கழித்தல் வரைக்கும் நடத்திட்டாங்க."

"சரிக்கா" என்று வைத்துவிட்டாய்.

வாசனை தெரியாத உன்னிடம், தெரியாமல் ஆக்கின நான், வாசனையைப் பிரிப்பது எப்படி என்று பாடம் நடத்தினேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன்: சந்தோஷமாகவும் இருந்தது. வாழ்நாளில் ஒருதடவை நீ என்னிடம் கேட்டாய், நான் சொன்னேன்.

அடுத்த வருஷம் பேத்தி பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஆயா, சின்னாயா பேட்டி வந்திருக்குது!" படி என்றேன். படித்தாள். மெத்தனால் தனியாக நிற்கிற இடத்தை வேறோர் இடத்தில் தேடிப் பிடித்து, அளந்து, கழித்துப் பார்த்தாயாம். சூடு நீ எழுதினதைவிடக் குறைந்துவிட்டதாம். நீயே முன்வந்து திருத்தி எழுதினாயாம். அதற்குத்தான் எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள். எப்படித் தோன்றியது என்று கேட்டிருக்கிறார்கள். நீ சொல்லியிருக்கிறாய்: "எங்கள் வீட்டுப் புழு மனையில் மருந்து வாடை போயிற்றா என்று மோந்து பார்த்துச் சொல்வது சின்ன வயதில் என் வேலை. இரண்டு வாடை கலந்திருந்தால் பிரிக்கத் தெரியும்."

பேத்தி கைதட்டினாள். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

உனக்கு எவ்வளவு இருந்தது! படிப்பு, அப்பாவின் சிரிப்பு, வெளிநாடு, வானத்தில் எங்கோ இருக்கிற இடத்தின் சூடு. எனக்கு இருந்தது ஒரு மூக்கு. அதையும் எடுத்துக்கொண்டாய். சண்டை பிடிக்கப் போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். "என் மூக்கை ஏன் எடுத்தாய்" என்று நான் கேட்டால், அதையே நீ என்னைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் கேட்காமலே இருந்தேன். இரண்டு பொங்கலுக்கு உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் பொங்கலுக்கு நீ இல்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

உன் மாணவி ஓசூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். உன் சாவில் பார்த்த அதே பெண். அன்றைக்கு என்னைவிட அதிகமாக அழுதவள். கன்னடத்துப் பெண், தமிழ் நன்றாகப் பேசுகிறாள். என்னை அஜ்ஜி என்று கூப்பிட்டாள், அவர்கள் ஊரில் பாட்டியை அப்படித்தானே கூப்பிடுவார்கள். காபி கொடுத்தேன். டம்ளரை மூக்குக்குக் கிட்டே வைத்து இழுத்துவிட்டுச் சிரித்தாள்.

"மேடம் இப்படித்தான் அஜ்ஜி. குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மோந்து, ஆஹான்னு சொல்லுவாங்க."

"யாரு, அவளா?"

"ஆமா. என் டிபன் பாக்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடியே இன்னைக்கு என்னன்னு சொல்லுவாங்க. புளியோதரைம்பாங்க, திறந்தா பிசிபேளாபாத் இருக்கும். பாதி நாள் தப்புதான். நாங்க கிண்டல் பண்ணுவோம்."

அவள் சிரித்தாள். அறுபது வயசை நெருங்குகிற வரைக்கும், வராத வாசனைக்கு நீ ஆஹா சொல்லியிருக்கிறாய்.

அப்புறம் அவள் போனை எடுத்துப் பதிவு போட்டுவிட்டு, அந்தப் பேட்டியைக் காட்டினாள். "முதல் பக்கமே இதுதான் வைக்கப்போறோம். மேடம் சின்ன வயசுல மோந்து பார்த்த மனை இதுதானே? ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

ஆமா என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. மருமகள் பக்கத்தில்தான் இருந்தாள்.

"மனை இதுதான். மோந்தது அவ இல்ல, நான்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு முகம் மாறியது. "மேடம் பொய் சொன்னாங்கன்றீங்களா?" என்றாள். "பத்து வருஷம் கூட இருந்திருக்கேன் அஜ்ஜி. தன்னோட கோடு தப்புன்னு தானே எழுதித் திருத்தினவங்க அவங்க."

உனக்காகக் கோபப்பட ஒருத்தி! எனக்கு அப்படி யாரும் கிடையாது. அந்த எரிச்சலில்தான் வாய் திறந்தது. "அந்தக் கோட்டைத் திருத்தின வழி என்னான்னு சொல்லட்டுமா?" என்று, சாக்கடைப் பக்கம் போவதிலிருந்து கழித்தல் வரைக்கும், போனில் உனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கோபம் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஒரு நாள் சாயங்காலம் மேடம் என் மேஜைக்கு வந்தாங்க" என்றாள். "'தனியா இருக்கற எடத்துல முதல்ல படிச்சுக்க, அப்புறம் கழி'ன்னாங்க. கழிச்சது நான்தான் அஜ்ஜி." அந்தப் பேட்டியை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். "அப்ப மேடம் ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"அவளுக்கு வாசனையே தெரியாது."

டம்ளரைக் கீழே வைத்தாள். டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்திருக்கும். கண் நிறைந்துவிட்டது. "பொறந்ததுல இருந்தேவா?"

இதற்கும் ஆமா என்று சொல்லியிருக்கலாம். அவளே எனக்குப் பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டாள். மூக்கு எனக்கு வந்துவிட்டது, புத்தகத்தில் என் பேர் வரும், இதோடு போதும். அந்த ஒரு நொடி எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று உன்னிடம் மறைக்க மாட்டேன். பிறகு, நூறு எண்ணினது ஞாபகம் வந்தது.

"இல்ல" என்றேன். "பத்து வயசுல இருந்து. நான் பண்ணினது."

எல்லாவற்றையும் சொன்னேன். டின், அப்பா சொன்னது, கதவு, பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள் என்று மிரட்டினது. மருமகள் கையிலிருந்த முறத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். இருபத்தாறு வருஷமாக என்னோடு இருக்கிறவள், அவளுக்கும் அது புதுசு. உன் மாணவி போனை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்தின? போடு."

"வேணாம் அஜ்ஜி. இதெல்லாம் புக்குக்கு வேணாம். மூக்கு உங்களோடதுன்னு மட்டும் எழுதறேன்."

"அப்படின்னா அதையும் எழுதாத. அவ சொன்னது அப்படியே இருக்கட்டும். போட்டா ரெண்டையும் போடு."

"மேடம் இதை யாருக்கும் சொல்லல. உங்களுக்காகத்தானே மறைச்சிருப்பாங்க?"

அவள் போன பிறகும் அந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். வாசனை தெரியாது என்று நீ சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் நான் வருவேன். அதற்காகத்தான் என் மூக்கை எடுத்து மாட்டிக்கொண்டாயா? இல்லை, பத்து வயசில் நான் போட்ட பயம் கடைசி வரைக்கும் போகவில்லையா? இல்லை, அக்கா எடுத்ததற்கு நான் எடுக்கிறேன் என்று கணக்குத் தீர்த்தாயா? கடைசியில் சொன்னதுதான் உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நீ எனக்காக மறைத்திருந்தால் என்னால் தாங்க முடியாது. படிப்பிலும் பெரியவள், குணத்திலும் பெரியவள் என்று ஆகிவிடும். முன்னால் பிறந்ததற்கு எனக்கு என்னதான் மிச்சம்?

நேற்றுச் சாயங்காலம் அவள் போன் பண்ணினாள். எழுதிவிட்டேன், படிக்கிறேன் கேளுங்கள் என்றாள். அழகாக எழுதியிருக்கிறாள். உன் கேலக்ஸியைப் பற்றி, கழித்துப் பார்க்கிற வழியைப் பற்றி, அந்த வழி அக்காவிடமிருந்து வந்தது என்று. அடுத்தது அந்த இடம் வந்தது. "பத்து வயதில், மருந்து ஆறாத புழு மனைக்குள் அக்கா அவரைத் தவறுதலாக அனுப்பியதில், அவருடைய மோப்பச் சக்தி போய்விட்டது."

"மறுபடி படி" என்றேன்.

படித்தாள்.

"அதுல தவறுதலான்னு ஒரு வார்த்தை இருக்குதே, அதை எடுத்துடு."

"அஜ்ஜி, உங்களைப் படிக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"தெரிஞ்சுதான் அனுப்பினேன். எடுத்துடு."

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "எடுத்துட்டேன் அஜ்ஜி" என்றாள். அந்த வார்த்தை இல்லாமல் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். சரியாக இருந்தது.

புத்தகம் வரும்போது அட்டையில் உன் படம் இருக்கும். நான் உள்ளே எங்கோ இரண்டு வரியில் இருப்பேன், ஒன்று என்னைப் புகழ்கிற வரி, ஒன்று ஊர் என்னைக் காறித் துப்பப் போகிற வரி. பேத்தி படிப்பாள். அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பயமாகத்தான் இருக்கிறது. உனக்கு அந்தப் பயமும் இல்லை, சௌகரியமாகப் போய்விட்டாய், அதுவும் எனக்குப் பொறாமைதான்.

நீ போனால் இது என்னை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. நீ பிறந்த வருஷம் அம்மா உன்னை என் இடுப்பில் ஏற்றிவிட்டாளே, அன்றிலிருந்து சுமக்கிறேன். யாரும் என்னிடம் இறக்கி வை என்று சொன்னதில்லை. சொன்னாலும் வைக்க மாட்டேன், பாப்பா.